டெல்டா பக்கம் வரும் வெளிநாட்டு விருந்தாளிகள்: சாப்பாட்டிலும் கவனிப்பிலும் எங்கே இடிக்கிறது?

அரிசிலாறு எழுதியது:

தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், தரங்கம்பாடி பக்கம் வந்து போகும் வெளிநாட்டுக்காரர்கள் இணையத்தில் எழுதும் குறைகளைச் சேர்த்துப் படித்தால் ஏழெட்டுதான் திரும்பத் திரும்ப வருகின்றன. காரம் வேண்டாம் என்று சொல்லியும் காரம். மெனு அட்டையில் நூறு அயிட்டம், கேட்டால் பாதிக்கு மேல் இல்லை. நாலு பேர் ஆர்டர் கொடுத்தால் நாலு நேரத்தில் வருகிறது. கை கழுவும் முன்னே பில். காபியில் கேட்காமலே சீனி. வயிறு கெட்டது. பணம் கட்டிப் பதிவு செய்த லாட்ஜில் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள்.

இதில் எது நம் பக்கத் தப்பு, எதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டும்? அடுப்படி தெரிந்தவர்கள், வண்டி ஓட்டுபவர்கள், ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் விவரமாக எழுதுங்கள். "அவனுக்கு நாக்கு செத்துப்போச்சு" என்ற ரகப் பதில் வேண்டாம்.

தோசைக்கல் எழுதியது:

காரத்திலிருந்து தொடங்குவோம். ஹோட்டலில் இரண்டே வகைதான்: அண்டாவில் இருப்பது, கல்லில் வருவது. சாம்பார், ரசம், வத்தக்குழம்பு, குருமா எல்லாம் கடை திறக்கும் முன்போ, பதினொரு மணிக்குள்ளோ மொத்தமாக இறக்கியாகிவிடும். "நோ ஸ்பைசி" என்றதும் சர்வர் தலையாட்டுவார். கேட்டது காதில் விழுந்தது என்பதுதான் அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம். அவர் உள்ளே போய்ச் சொன்னாலும் அண்டாவில் கிடப்பதை மாஸ்டர் ஒன்றும் செய்ய முடியாது. அதிகபட்சம் ஒரு கிண்ணம் சாம்பாரில் வெந்நீர் விட்டுக் கொடுத்தனுப்புவார். அது இன்னும் மோசம். மிளகாயின் உறைப்பு தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். ஆக உப்பும் புளியும் நீர்த்துப்போக, மேலே மிதக்கும் எண்ணெயோடு காரம் அப்படியே நாக்கில் ஏறும்.

கல்லில் வருவதை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். சாதா தோசை, நெய் தோசை, பச்சைமிளகாய் தூவாத வெங்காய ஊத்தப்பம். கல்லில் வராவிட்டாலும் காரமில்லாதவை: தேங்காய்ப்பால் வைத்த ஆப்பம், இடியாப்பம், இட்லி, தயிர்சாதம். தயிர்சாதத்தில் கிள்ளிப்போட்ட மிளகாயை மட்டும் எடுத்துவிடச் சொல்ல வேண்டும்.

ஏமாற்றுவது இரண்டு. ஒன்று ரவா தோசை. மாவிலேயே பச்சைமிளகாயும் மிளகும் நறுக்கிப் போட்டுக் கரைத்திருக்கும், ஒற்றைத் தோசைக்குப் பிரிக்க வழியில்லை. இன்னொன்று வெண்பொங்கல். பார்க்க வெள்ளையாக இருப்பதால் குழந்தைக்குக்கூடத் தைரியமாக வாங்கிக் கொடுக்கிறார்கள், முழு மிளகு பல்லில் கடிபட்டதும் பிள்ளை அழுகிறது. நம் சர்வருக்குக் காரம் என்றால் மிளகாய்த்தூள். வந்தவருக்கு மிளகு, இஞ்சி, பச்சைமிளகாய், தாளித்த வரமிளகாய் எல்லாமே காரம். பாதிக் குழப்பம் இந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

கொல்லைப்புறம் எழுதியது:

ஹோட்டலுக்கு அது சரி. ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் "அண்டா" சாக்குச் சொல்ல முடியாது. நாலு பேருக்கு வைக்கும் சாம்பாரில் வழி இருக்கிறது.

துவரம் பருப்பு 150 கிராம் குழைய வேகட்டும். காயை மஞ்சள், உப்பு, புளித்தண்ணீரோடு கொதிக்கவிட்டுப் பச்சை வாசனை போனதும், பொடி போடும் முன்பு, விருந்தாளிக்கு வேண்டியதைத் தனிப் பாத்திரத்தில் எடுத்துவிடுங்கள். வீட்டுக்குப் போடும் சாம்பார்ப் பொடி ஒன்றரை மேசைக்கரண்டி என்றால் இதற்கு அரைத் தேக்கரண்டி போதும். அதோடு நின்றால் சாம்பார் தண்ணியாக, மொட்டையாக இருக்கும், ஏனென்றால் பொடியில் மிளகாயோடு மல்லியும் பருப்பும் சேர்ந்து குறைந்துபோகிறது. அதை ஈடுகட்ட வறுத்து அரைத்த மல்லி ஒன்றரைத் தேக்கரண்டி, கால் தேக்கரண்டி வெந்தயப்பொடி, பருப்பு ஒரு கரண்டி கூடுதல். தாளிக்கும்போது வரமிளகாயைக் கிள்ளாமல் முழுசாகப் போடுங்கள். விதை வெளியே வராத மிளகாயில் வாசனை இறங்கும், உறைப்பு அவ்வளவாக இறங்காது.

நம்ம ஊர் கடப்பா இதற்கென்றே செய்தது போல இருக்கும். பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, தேங்காய், பொட்டுக்கடலை, சோம்பு, பூண்டு. மிளகாய்த்தூளே கிடையாது. பச்சைமிளகாயைத் தேங்காயோடு அரைக்காமல் கீறிப் போட்டு, இறக்கும்போது பொறுக்கிவிட்டால் முடிந்தது. இட்லிக்கு வைத்துக் கொடுத்தால் பிரெஞ்சுக்காரர்கள் பிரெட்டைக்கூடத் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். இதை விட்டுவிட்டுக் காலையில் ஆறிப்போன பிரெட் டோஸ்ட்டும், செக்கச்செவேலென்ற ஜாமும், இனிப்பு பிரெட்டில் ஆம்லெட்டும் வைப்பது ஏன் என்றுதான் புரியவில்லை. அவர்கள் ஊரில் அதைவிட நல்ல பிரெட் கிடைக்கும்.

நடுப்பந்தி எழுதியது:

கொஞ்சம் பொறுங்க. பாரிஸுக்குப் போய் நாம "சீஸ் வேண்டாம், புளிக்குழம்பு வை" என்றா கேட்கிறோம்? ஊருக்கு வந்தா ஊர்ச் சாப்பாடு. எல்லாத்தையும் மொட்டையாக்கிக் கொடுத்தா அப்புறம் தஞ்சாவூர்ச் சாப்பாடுன்னு எதைச் சொல்றது?

கொல்லைப்புறம் எழுதியது:

நடுப்பந்தி அண்ணே, சாம்பாரை மாற்றச் சொல்லவில்லை. தனியே எடுத்து வைக்கத்தான் சொல்கிறேன். நம் வீட்டில் பிள்ளைக்கு அப்படி எடுத்து வைப்பதில்லையா?

தோசைக்கல் எழுதியது:

அடுத்து "நாலு பேருக்கு நாலு நேரம்". வெளிநாட்டு உணவகத்தில் ஒரு மேசைக்கு எல்லாத் தட்டும் சேர்ந்து வரும். இங்கே அப்படிக் காத்திருந்தால் முதல் தோசை நமத்துப்போகும். ஆகவே கல்லைவிட்டு எடுத்தது எடுத்தபடி வெளியே போகும். சாதா தோசைக்கு இரண்டு நிமிடம். ரவா தோசையை மெல்லிய தீயில் முறுகவிட வேண்டும், அதற்கு ஐந்தாறு நிமிடம். ஃப்ரைட் ரைஸ், நூடுல்ஸ் வேறு அடுப்பு, வேறு மாஸ்டர். மீல்ஸ் உட்கார்ந்த உடனே வரும். ஒருவர் மீல்ஸ், ஒருவர் ரவா, ஒருவர் நூடுல்ஸ் என்று சொன்னால் மூன்றும் ஒன்றாக வர வழியே இல்லை. சேர்ந்து சாப்பிட ஆசையென்றால் ஒரே வகை சொல்லச் சொல்லுங்கள். இல்லையென்றால் நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்ளட்டும்.

ஆனால் அளவில்லா மீல்ஸைப் பகிர முடியாது. ஒரு இலை ஒரு ஆளுக்கு. இரண்டு பேர் ஒரு மீல்ஸ் வாங்கித் தகராறு ஆவது இதனால்தான். குறைவாகச் சாப்பிடுபவருக்கு மினி மீல்ஸோ சாம்பார்சாதமோ போதும்.

கிளீனர் சீட் எழுதியது:

மெனுவில் இருப்பது கிடைக்காததற்குக் காரணம் கடிகாரம். டெல்டா சைவ ஹோட்டலில் காலை 11 வரை டிபன், 12 முதல் 3 வரை மீல்ஸ், அதன் பிறகு காபி, வடை, பஜ்ஜி, ஆறு மணிக்கு மேல் மறுபடி டிபன். பல கடைகளில் பகல் ஒன்றரைக்குத் தோசை கிடையாது, ராத்திரி எட்டுக்கு மீல்ஸ் கிடையாது. அட்டையில் இந்த நேரம் அச்சடித்திருக்காது. அதை அச்சடிக்காதது நம் பக்கத் தப்பு, ஒத்துக்கொள்ள வேண்டும்.

அதோடு கோயில் கணக்கையும் சேருங்கள். பெரும்பாலான கோயில்களில் பகல் 12, 12.30 வாக்கில் சன்னதி சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். எல்லா வேனும் பன்னிரண்டே முக்காலுக்கு ஒரே நேரத்தில் ஹோட்டல் வாசலில் நிற்கும். பதினொன்றே முக்காலுக்கு இலை போடும் கடையாகப் பார்த்து முதல் பந்தியில் உட்காரவைத்தால் காய் சூடு, சர்வர் நிதானம். இரண்டரைக்குப் போனால் கூட்டு தீர்ந்து ஊறுகாய்தான் மிஞ்சும்.

கங்கைகொண்ட சோழபுரம் போகும் நாளில் கவனம். கும்பகோணத்திலிருந்து அணைக்கரை வழியாக முப்பத்தைந்து கிலோமீட்டர் சுமார். கோயிலைச் சுற்றிச் சாப்பாட்டுக் கடை மிகக் குறைவு, அடுத்த பெரிய ஊர் ஜெயங்கொண்டம். இட்லியைப் பொடி தடவாமல் கட்டிக்கொண்டு போவது உத்தமம். சட்னி கட்டாதீர்கள், வெயிலில் கெடும்.

சனி, ஞாயிறு நவக்கிரகச் சுற்றுலாக் கூட்டம் கும்பகோணத்தையே நிரப்பிவிடும். திங்கள் முதல் வியாழன் வரை அதே ஹோட்டலில் அதே சர்வர் வேறு மனிதராகத் தெரிவார்.

உப்பனாறு எழுதியது:

மீன் ஆசையில் தரங்கம்பாடி, நாகப்பட்டினம் வருபவர்களுக்கு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுக்குத் தடைக்காலம். அப்போது கிடைப்பது கட்டுமரம், நாட்டுப்படகு மீன். அளவு குறைவு, விலை கூடுதல், மீதி ஐஸில் வெளியூரிலிருந்து வந்தது. புரட்டாசியில் அசைவக் கடைகள் பாதிக்குப் பாதி ஒடுங்கிவிடும்.

"மசாலா இல்லாமல் வறுத்துக் கொடு" என்று உட்கார்ந்த பிறகு கேட்டால் நடக்காது. காலை பத்து மணிக்கே மிளகாய்த்தூள், உப்பு, எலுமிச்சை தடவி ஊறவைத்திருப்பார்கள். முதல்நாள் சொன்னால் அரை கிலோ தனியே வைப்பார்கள். உப்பு, மஞ்சள், பூண்டு மட்டும் போட்டு வாழையிலையில் சுற்றிக் கல்லில் வேகவைத்தால் போதும்.

சாப்பாட்டோடு பீர் கிடைக்கவில்லை என்ற குறைக்கு மருந்தில்லை. பார் உரிமம் உள்ள பெரிய ஹோட்டல் தவிர வேறெங்கும் மேசைக்கு வராது. டாஸ்மாக் பகல் 12 முதல் இரவு 10 வரை. காந்தி ஜெயந்தி போன்ற நாள்களில் அதுவும் பூட்டு.

பித்தளை டபரா எழுதியது:

காபி. கும்பகோணம் டிகிரி காபி என்று ஆசையாகக் கேட்டு, சர்க்கரைப் பாகு போல இருக்கிறது என்று எழுதுகிறார்கள். கூட்ட நேரத்தில் டம்ளர்களை வரிசையாக வைத்து முதலில் சீனியைப் போட்டுவிட்டுத்தான் டிகாஷனும் பாலும் ஊற்றுவார்கள். வந்தபின் "நோ சுகர்" என்றால் புதிதாகத்தான் போட வேண்டும். ஆர்டர் சொல்லும்போதே "வித்தவுட்" என்று சொல்ல வேண்டும். கல்லாவிலிருந்து காபி மாஸ்டர் வரை எல்லாருக்கும் புரியும் சொல் அது ஒன்றுதான். "சீனி தனியா" என்றாலும் சரி.

பால் இல்லாத காபி கேட்பவருக்கு வேறு பிரச்சினை. இங்கே டிகாஷன் பாலுக்கென்று இறக்கியது, சிக்கரி கலந்தது. அதை அப்படியே அரை டம்ளர் ஊற்றினால் கஷாயம்தான். 30 மில்லி டிகாஷனுக்கு 120 மில்லி கொதிநீர், முதல் டிகாஷனாக இருக்க வேண்டும். ஹோம்ஸ்டேயில் சிக்கரி இல்லாத தூள் கால் கிலோ தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: டபராவில் ஏன் கொடுக்கிறோம் என்று யாரும் சொல்வதில்லை. டம்ளரின் விளிம்பு சுட்டு உதட்டைச் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு. ஒருமுறை ஆற்றிக் காட்டினால் சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்வார்கள்.

வெண்ணாறு எழுதியது:

வயிறு கெடுவதற்கு எல்லாரும் காரத்தைக் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் காரம் காரணமில்லை. கொதித்து இறங்கிய சாம்பார், ரசம், ஆவியில் வெந்த இட்லி இவற்றால் கெடுவது அரிது. வேகாத சாமான்களைப் பாருங்கள்.

தேங்காய்ச் சட்னி: பச்சைத் தேங்காய், பச்சைத் தண்ணீர், அடுப்பேறாதது. காலை ஆறுக்கு அரைத்தது பத்தரைக்கு மேல் சித்திரை வெயிலில் நுரைக்கத் தொடங்கும். ஓரத்தில் குமிழி, லேசான புளிப்பு வாடை இருந்தால் தொடக்கூடாது. நீர்மோர்: பாட்டில் தண்ணீர் மட்டுமே குடிப்பவர் மீல்ஸில் வரும் மோரை மறந்து குடித்துவிடுவார், அதில் கலந்தது குழாய்த் தண்ணீராக இருக்கலாம். ரோஸ்மில்க், கரும்புச்சாறு, சர்பத்தில் போடும் பாளம் ஐஸ். நறுக்கி வைத்த வெங்காயம், வெள்ளரி. இலையில் தெளித்துத் துடைக்கும் தண்ணீர்கூடத்தான். இலையை உதறி ஒரு டிஷ்யூவால் ஈரம் போகத் துடைத்துவிடச் சொல்லுங்கள்.

"வெந்நீர்" என்று ஜக்கில் வருவதில் ஒரு சூட்சுமம். கொதித்த நீர் குடிக்கச் சுடும் என்று பச்சைத் தண்ணீர் கலந்துதான் வெதுவெதுப்பாக்கிக் கொண்டுவருவார்கள். ஆறவைத்த வெந்நீர் வேறு, கலந்த வெந்நீர் வேறு. சூட்டை மட்டும் வைத்து நம்ப முடியாது, எது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். 20 லிட்டர் கேனில் மூடியின் சீல் பார்த்து வாங்கி, திறந்தால் இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிட வேண்டும். இளநீர் கண்ணெதிரே சீவியது என்றால் கவலையில்லை.

கெட்டுவிட்டால் மருந்துக்கடையில் உலகச் சுகாதார நிறுவன ஃபார்முலா என்று அச்சிட்ட ஓஆர்எஸ் தூள், பெரிய பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில். அரை லிட்டர் பாட்டிலில் முழுப் பாக்கெட்டையும் கொட்டினால் உப்பு இரட்டிப்பாகும், அது தப்பு. காய்ச்சலோ, மலத்தில் ரத்தமோ இருந்தால் தூளோடு நிற்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

நடுப்பந்தி எழுதியது:

பில் விஷயத்துக்கு வரேன். சாப்பிட்டதும் பில் வைக்கிறது விரட்டறதுக்கு இல்லை. அடுத்த ஆள் நாற்காலிக்குப் பின்னாடி நிக்கிறான். காலி இருக்கையில முன்பின் தெரியாதவங்களும் உட்காருவாங்க. இதையும் முன்கூட்டியே சொல்லணும், தன் மேசையில யாரோ உட்காந்துட்டாங்கன்னு பதறிப்போறாங்க. உட்கார்ந்து பேசணும்னா ஏசி ஹால் இருக்கிற கடை, அங்க விலை கூட.

மீல்ஸ்ல "போதும்"னு வாயால சொன்னா பத்தாது. இலைக்கு மேல கையை விரிச்சு மறைக்கணும், இல்லேன்னா சர்வர் சாதம் வைச்சுட்டுப் போய்கிட்டே இருப்பார். முடிஞ்சா இலையைத் தன் பக்கமா மடிக்கணும். மடிக்காத வரைக்கும் பரிமாறல் நிக்காது. ஸ்பூன் கேட்டா தருவாங்க, தப்பில்லை.

கல்லாப்பெட்டி எழுதியது:

பில்லில் எது நியாயம் என்று கேட்பவர்களுக்கு: சாதாரண உணவகத்தில் ஜிஎஸ்டி 5 சதவீதம். "சர்வீஸ் சார்ஜ்" என்று தானாகச் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் போட்டது, தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். தண்ணீர் பாட்டில் பெட்டிக்கடையில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்கக்கூடாது. உட்கார்ந்து சாப்பிடும் ஹோட்டலில் கூடுதல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொல்லியிருக்கிறது, அங்கே சண்டை போட்டுப் பயனில்லை. குறையிருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915.

பணம்: சின்னக் கடைகளில் வெளிநாட்டு அட்டை செல்லாது, ஊரே யுபிஐயில் ஓடுகிறது. ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டி இருபது ரூபாய்க் காபி குடித்தால் கல்லாவில் முகம் சுளிப்பார்கள். கோபம் இல்லை, சில்லறை இல்லை. பெரிய ஹோட்டலில் தங்கும் முதல் நாளே ஐம்பதும் நூறுமாக மாற்றிக்கொள்வது நல்லது.

லாட்ஜில் திருப்பி அனுப்புவதற்குக் காரணம், சி ஃபார்ம் என்று பழகிய பெயரில் சொல்லும் வெளிநாட்டு விருந்தாளி விவரப் படிவம். வெளிநாட்டவர் வந்து 24 மணி நேரத்துக்குள் பாஸ்போர்ட், விசா, எங்கிருந்து வந்தார், அடுத்து எங்கே போகிறார் என்பதையெல்லாம் இணையத்தில் ஏற்ற வேண்டும். அதற்கான பதிவு எடுக்காத லாட்ஜ்காரர் வம்பு எதற்கு என்று "ரூம் இல்லை" என்கிறார். முன்பதிவுத் தளம் இதைக் கேட்பதில்லை. ஆகவே வரும் முன் தொலைபேசியில் "சி ஃபார்ம் போடுவீங்களா?" என்று தமிழில் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். பதில் தடுமாறினால் வேறு இடம்.

கொல்லைப்புறம் எழுதியது:

ஒவ்வாமையை யாரும் தொடவில்லை, அதுதான் ஆபத்தானது. "சைவம்" என்றால் இங்கே பால், தயிர், நெய் எல்லாம் உண்டு, முட்டை கிடையாது. பாலும் நெய்யும்கூடத் தொடாத வீகன்காரருக்கு நம்ம சைவம் சரிவராது.

கோதுமை ஆகாதவருக்கு அரிசிச் சாப்பாடு என்று நினைத்துக்கொண்டு சாம்பாரை ஊற்றாதீர்கள். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு அல்லது மைதா கலந்திருக்கும். கட்டியோ தூளோ, பாக்கெட்டில் சேர்மானத்தைப் படித்துப் பாருங்கள். அரிசி மாவு சேர்த்ததும் விற்கிறது. ரவா, சேமியா, பரோட்டா தெரிந்ததுதான், ரவா தோசையில் மைதாவும் உண்டு. நிலக்கடலை ஆகாதவருக்குப் புளியோதரை, எலுமிச்சைசாதம், கடலைச் சட்னி, பொரிக்கும் எண்ணெய் எல்லாவற்றையும் கேட்க வேண்டும். பொங்கல், கேசரி, உப்புமாவில் முந்திரி. இட்லிப்பொடியில் எள், குழைப்பதும் நல்லெண்ணெய்.

ஐரோப்பிய ஒன்றியம் கட்டாயம் அறிவிக்கச் சொல்லும் 14 ஒவ்வாமைப் பொருளில் கடுகும் ஒன்று. அந்த ஒவ்வாமை உள்ளவர் நம் ஹோட்டலில் நிம்மதியாகச் சாப்பிடக்கூடியது வெறும் இட்லி, சாதா தோசை, வெள்ளைச் சோறு, பால், வாழைப்பழம். மற்றதெல்லாம் ஒரே கரண்டியில் கடுகு தாளித்தது.

அரிசிலாறு எழுதியது:

நல்லது. வந்தவர் கையில் ஒரு தமிழ் அட்டை கொடுத்தனுப்பலாம் என்று யோசனை. இப்படி எழுதினால் போதுமா?

"எனக்குப் பச்சைமிளகாய், வரமிளகாய், மிளகு மூன்றும் வேண்டாம். பால் பொருள்கள் ஆகாது. நிலக்கடலை சாப்பிட்டால் மூச்சு அடைக்கும்."

தோசைக்கல் எழுதியது:

கடைசி வரிதான் சரியான வரி. "அலர்ஜி" என்றால் சொறி வரும் என்று நினைப்பார்கள், "மூச்சு அடைக்கும்" என்றால் மாஸ்டர் அடுப்பைவிட்டு வந்து கேட்பார். அதை முதல் வரியாக்குங்கள், எழுத்து பெரிதாக இருக்கட்டும். சர்வர் கண்ணாடி போடாமல் படிக்க வேண்டும்.

"பால் பொருள்கள்" என்று எழுதாதீர்கள். மோரும் நெய்யும் அதில் சேரும் என்று அடுப்படியில் யாருக்கும் சட்டென்று தோன்றாது. "பால், தயிர், மோர், நெய், வெண்ணெய் எதுவும் வேண்டாம், தோசைக்கு எண்ணெய் மட்டும் விடவும்" என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். அட்டையைச் சர்வரிடம் காட்டித் திரும்ப வாங்கிக்கொள்ளாமல் உள்ளே கொடுத்தனுப்பச் சொல்லுங்கள், பில்லோடு சேர்த்து வாங்கிக்கொள்ளலாம்.